பதினாலாம் நம்பர் கண்ணாடி

கண்ணாடித் துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறார். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்கிறார். "தெரியுதுக்கா" என்று சலித்துக்கொண்டு அதைப் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போடுகிறார். அடுத்ததை எடுத்து அதே போல வலது கண், இடது கண். "இதுல ஒண்ணுமே தெரியல. அருமையான கண்ணாடி" என்று முகம் மலர்ந்து, துணியால் துடைத்து மேசைமேல் அடுக்குகிறார். தெரிந்தால் குப்பைக்கு, தெரியாவிட்டால் மேசைக்கு என்று கண்ணாடியைத் தரம் பிரிக்கிற ஒரு மனிதர் என் வீட்டுக்குக் கீழேயே பட்டறை வைத்திருக்கிறார்.

அவர் வெல்டர். வாசல் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். நான் மேல் வீட்டில் உட்கார்ந்து அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துகிறவள். அவர் கிரைண்டரைப் போட்டால் என் மேசையிலிருக்கும் பேனா தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். முதல் வருஷம் முழுக்க நாங்கள் எலியும் பூனையுமாக இருந்தோம். நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவேன். அவர் இரைச்சலில் எதுவும் காதில் விழாமல் கையசைத்து வணக்கம் சொல்வார். வணக்கம் சொல்கிற ஆளிடம் எத்தனை நாள்தான் சண்டை போடுவது? விட்டுவிட்டேன்.

தெருவில் அவருக்குப் பெயர் பதினாலு. வெல்டிங் கண்ணாடிகளின் கருமைக்கு நம்பர் உண்டு. கேஸ் வைத்து இரும்பை வெட்ட அஞ்சாம் நம்பர். ஆர்க் வெல்டிங்குக்குப் பத்து, பதினொன்று. பதினாலு என்பது கும்மிருட்டு. வழக்கமான வேலைக்கு யாரும் அதை வாங்குவதில்லை. இவர் போய் நாற்பது கண்ணாடி வேண்டும் என்று கேட்டபோது, இரும்புக் கடைக்காரர், "அதைப் போட்டுக்கிட்டு என்னத்தப்பா ஒட்டுவ? எரிமலையையா?" என்று கேட்டாராம். அன்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாற்பத்தெட்டு வயது. தீப்பொறி பட்டுப் பட்டு வலது புருவம் பாதிதான் இருக்கிறது. எந்தச் சட்டை போட்டாலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை. கிரைண்டர் பழக்கத்தில் ரகசியத்தையும் ஊரைக் கூட்டித்தான் சொல்வார். காதில் சாக்பீஸ் சொருகியிருக்கும். எதைச் சொல்வதானாலும் தரையில் படம் போட்டாக வேண்டும். தலைவலி என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, மருந்துக்கடைக்குப் போகிற வழியைச் சிமென்ட் தரையில் வரைந்து, திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறியும் போட்டார். மருந்துக்கடை எதிர்வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பட்டறையில் வெல்டிங் கம்பி நுனியில் எரிகிற ஆர்க் வெளிச்சம் அவருக்குச் சின்னவர். சூரியன் பெரியவர். "சின்னவர் கிட்ட நின்னா ஒளியைக் காட்டி மெரட்டுவாருக்கா. ராத்திரி கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், புத்தி வந்துரும். பெரியவர் அப்படியில்ல. சத்தமே போட மாட்டாரு."

முழுச் சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகப் போகப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து மூன்று வாரமாகப் பட்டறையில் கேட் வேலை அரைகுறையாகத்தான் நடந்தது. வாசலில் பாதி பெயின்ட் அடித்த ஜன்னல் கிரில்கள் சாய்ந்துகிடந்தன. ஒரு மாலை கீழே இறங்கிப் போனேன். கிரைண்டர் சத்தம் கேட்காததுதான் காரணம். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று நினைத்தேன். மனுஷர் இரண்டு இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன, பொம்மையா?"

"உக்காருங்கக்கா. இதான் கிரகணம்."

முதலில், நடு ஓட்டையை ஒட்டி அடைத்த ஒரு வாஷரை என் கையில் கொடுத்தார். பட்டறையின் கடைசி மூலையில் சாய்த்து வைத்திருந்த டிரம் மூடியை ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். வாஷரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். அவ்வளவு பெரிய மூடி விரல் நுனியளவு இரும்புக்குப் பின்னால் மறைந்துபோனது. "வாஷர்தான் நிலா. மூடிதான் பெரியவர். நிலாவை விடப் பெரியவர் நானூறு மடங்கு பெருசு. ஆனா நானூறு மடங்கு தூரம். யார் அளவெடுத்தாங்களோ தெரியல, இங்கேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே சைஸ். இருவத்தேழு வருஷமா கேட் போடறேங்க்கா. நெலைக்கும் கதவுக்கும் நடுவுல நூலளவு இடைவெளியாச்சும் வரும். இது வரல பாருங்க!" சொல்லிவிட்டு மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் மேல் வருகிற மரியாதை அது.

நானும் சும்மா இருக்கவில்லை. பிழை தேடுவது என் பிழைப்பு. "நிலா நடுவுல வந்தா கிரகணம்னா, அமாவாசைக்கு அமாவாசை வரணுமே? ஏன் வரல?" என்று மடக்கினேன்.

அதற்குத்தான் அந்த இரண்டு வளையம். ஒன்று சூரியன் தெரிகிற பாதை, மற்றது நிலா ஓடுகிற பாதை. இரண்டையும் ஒரே மட்டத்தில் ஒட்டாமல் லேசான சாய்வில் ஒட்டியிருந்தார். "அஞ்சு டிகிரி கோணல். அதனால அமாவாசைல நிலா பெரியவருக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போயிரும். ரெண்டு பாதையும் வெட்டிக்கிற இடத்துல, இதோ இந்த ஒட்டு இருக்கு பாருங்க, அங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னாத்தான் கிரகணம். என் கேட்டுல அஞ்சு டிகிரி கோணல் இருந்தா வண்டியேத்தித் திருப்பி அனுப்பிருவாங்க. இந்தக் கோணலைப் பாக்க ஜனம் கடல் தாண்டி வருது." நிலாவின் நிழல் பூமிமேல் விழுகிற இடம் சிறியது என்றும், அது ஓடுகிற ஒடுக்கமான பட்டையில் இருப்பவர்களுக்குத்தான் முழுசாக மறையும் என்றும் சொல்லி, அந்தப் பட்டையைத் தரையில் சாக்பீஸால் இழுத்துக்கொண்டே போய் என் செருப்புமேலும் கோடு போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, தெருமுனை சலூனில் முடிதிருத்துகிறவர் உள்ளே வந்தார். கையில் தன் முழங்கால் எக்ஸ்ரே. அதன் வழியாகப் பார்க்கலாமா என்று கேட்டார். பதினாலு அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். முழங்கால் எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

"லைட்டு தெரியுது. ஆகாது."

"ரெண்டா மடிச்சா?"

"உன் முட்டியை மடி. இதை மடிக்காத. கூலிங் கிளாஸ், புகை புடிச்ச கண்ணாடி, சிடி, எதுவும் வேணாம். என்கிட்ட வந்து பதினாலு வாங்கிட்டுப் போ. இல்லையா, முதுகைக் காட்டி நில்லு." அவருக்கு ஒரு தகரத் துண்டைக் கொடுத்தார். அதில் டிரில் போட்டுச் சின்னச் சின்னத் துளைகள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தகரத்தைத் தோளுக்கு மேல் பிடித்தால், எதிர்ச் சுவரில் துளைக்கு ஒரு குட்டிச் சூரியன் விழுமாம். கிரகணம் பிடித்தால் அத்தனையும் பிறையாகுமாம். "பெரியவரை நேராப் பாக்காம அவர் போட்டோவைப் பாக்கறது. இதுல பயமே இல்ல. துளை வழியாக் கண்ணை வெச்சு மேல பாத்துராத, அவ்வளவுதான்." முடிதிருத்துகிறவர் முழங்காலைச் சுருட்டிக்கொண்டு தகரத்தோடு போனார்.

அவர் போனதும் கேட்டேன். "ஏன் இவ்வளவு பயப்படறீங்க? நாள் முழுக்க நெருப்பைப் பாக்கற ஆளு."

பதினாலு சாக்பீஸைக் காதில் வைத்தார். அதன் பிறகு பேசியதற்கு அவர் படம் எதுவும் போடவில்லை. குரலும் தாழ்ந்துதான் வந்தது. அந்த ஆளின் தாழ்ந்த குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிக் கிரகணம். அவருடைய தங்கை தன் தையல் கடையிலிருந்து பட்டறைக்கு ஓடிவந்தாள். இவர் தன் ஆர்க் கண்ணாடியைக் கொடுத்தார். அன்று மேகம். அதன் வழியாக அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியலண்ணா, தெரியலண்ணான்னு சொன்னாக்கா. எங்க தொழில்ல வேலை நல்லாத் தெரியற கண்ணாடிதான் நல்ல கண்ணாடி. தெரியலன்னா நம்பரைக் குறைப்போம். பழக்கம். யோசிக்கவே இல்ல. கேஸ் கட்டிங் கண்ணாடி, அஞ்சாம் நம்பர், எடுத்துக் குடுத்தேன். 'ஆமாண்ணா, இப்ப அழகாத் தெரியுது'ன்னு சிரிச்சா. கொஞ்ச நேரத்துல மேகம் விலகிருச்சு. கண்ணு வலிக்குமாண்ணான்னு ஒரு தடவை கேட்டா. ஒண்ணும் ஆகாது, பாருன்னு சொன்னேன். வலது கண்ணுல வெச்சு ஆசை தீரப் பாத்தா."

வலிக்கவில்லை. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற திரைக்கு வலி தெரியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். கையில் பொறி விழுந்தால் சுரீரென்கும். இது எரிவது தெரியாமலே எரியும். மறுநாள் காலையில் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தபோது ஊசியின் காது காணாமல் போயிருந்தது. பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. வலது கண்ணில், நட்டநடுவில். அது இன்றுவரை போகவில்லை.

"பெரியவர் தேய்ஞ்சு நகம் அளவு ஆனாலும் அந்த நகத்துல இருக்கற காட்டம் அதேதாங்க்கா. அதை நான் யோசிச்சிருக்கணும். நானும்தான் அன்னிக்குப் பாத்தேன், என் ஆர்க் கண்ணாடியில. என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல." கொஞ்ச நேரம் கண்ணாடிகளை அடுக்கினார். "அதான் தாங்க முடியல."

'ஒண்ணும் ஆகாது' என்கிற வார்த்தையை அவர் அதன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. கேட் துருப்பிடிக்காதே என்று கேட்கிற வாடிக்கையாளரிடம்கூட, "பிடிக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம்" என்பார்.

தங்கையின் தையல் கடை இரண்டு தெரு தள்ளி. கை நீளம் குறைக்க ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நானே போனேன். காரணம் சட்டை இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். நாற்பது வயதுப் பெண். தையல் மெஷின் முன்னால் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி, இடது கண் துணிக்கு நேரே வருவது போல உட்காருகிறாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தோன்றும். தையலில் ஒரு இழை பிசகுவதில்லை.

"அண்ணன் மேல கோவமாம்மா?" என்று நேராகவே கேட்டேன்.

"கோவமா? எனக்கு எதுக்குக்கா? அவரும் வேணும்னா செஞ்சாரு? வாரம் தவறாம வர்றாரு. மெஷினுக்கு எண்ணெய் போடறாரு. என் வலது கண்ணை மட்டும் பாக்க மாட்டாரு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கிரகணத்துக்கு வான்னு சொல்லக்கூட அவருக்கு வாய் வரல. ரெண்டு நிமிஷம் பெரியவர் முழுசா மறைவாராம். அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் வெறுங்கண்ணால பாக்கலாமாம். கண்ணாடி போட்டிருந்தா அந்த நேரத்துல வெறும் இருட்டுதானாம். அண்ணன் கண்ணாடி குடுத்தா வாங்கிப்பேன். போடுன்னா போட்டுப்பேன். கழட்டுன்னு சொன்னா கழட்ட மாட்டேன்க்கா. என்கிட்ட மீதி இருக்கறது ஒரு கண்ணு. இதுலதான் சோறு."

அவள் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை.

கிரகணத்தன்று காலை பத்து மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் இருபது பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு தகரச் சட்டம், நடுவில் பதினாலாம் நம்பர் கண்ணாடி. ஓரத்தில் வெளிச்சம் கசியாமலிருக்க முகத்தையே மறைக்கிற அகலத்தில் செய்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு தண்டவாளத் துண்டை மணி போலக் கட்டித் தொங்கவிட்டு, கையில் சுத்தியலோடு நின்றார். "ஒரு அடி அடிச்சா கழட்டலாம். ரெண்டு அடி அடிச்சா உடனே போட்டுறணும். ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. மொதல்ல மறைஞ்ச ஓரந்தான் மொதல்ல வெளிய வரும். அந்த ஓரம் செவந்தா பெரியவர் திரும்பி வர்றாருன்னு அர்த்தம். மணி கேக்கலன்னாலும் முகத்தைத் திருப்பிடுங்க." அவர் கண் மட்டும் மாடிப்படிப் பக்கமே போய்ப் போய் வந்தது.

சூரியன் முக்கால்வாசி தேய்ந்த பிறகு தங்கை படியேறி வந்தாள். கக்கத்தில் சுருட்டிய வெள்ளை லைனிங் துணி. அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஒரு சட்டத்தை நீட்டினார். மாடி விளக்கைப் போடச் சொல்லி, அதற்கு நேரே பிடித்து இரண்டு கண்ணாலும் தானே சோதித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். பிறகு துணியைத் தரையில் விரித்து, முடிதிருத்துகிறவரின் துளை போட்ட தகரத்தை வாங்கி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தோள்மேல் தூக்கிப் பிடித்தாள். துணி முழுக்கப் பிறைகள். நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து. வந்தவர்கள் வானத்தை விட்டுவிட்டு அந்தத் துணியைச் சுற்றி நின்றார்கள்.

அதன் பிறகு வெயில் கெட்டுப்போனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெயில் இருந்தது, அதில் சூடு இல்லை. சுவரில் என் தலைமுடியின் நிழல் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. புறாக்கள் கூட்டமாக வந்து ஜன்னல் விளிம்புகளில் அடைந்தன. கைகால் சில்லிட்டது. துணியிலிருந்த பிறைகள் மெலிந்து மெலிந்து நூலாகி, ஒரே நேரத்தில் அத்தனையும் அணைந்தன. மேற்கிலிருந்து ஒரு இருட்டு, மழை வருவது போல, ஆனால் சத்தமே இல்லாமல், கூரைகள் மேல் ஓடிவந்து எங்களைத் தாண்டிப் போனது.

மணி ஒரு முறை ஒலித்தது. "கழட்டுங்க!"

கழற்றினேன். ஐயோ! சூரியன் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளையாக, மென்மையாக, ஏதோ ஒன்று விரிந்து கிடந்தது. எந்த விளக்கிலும் எந்த நிலவிலும் நான் பார்க்காத வெள்ளை. பக்கத்தில் ஒரு கிரகம் பட்டப்பகலில் மினுங்கியது. வானத்தின் எல்லா ஓரத்திலும், எட்டுத் திசையிலும், ஒரே நேரத்தில் அந்தி. ஐம்பத்தெட்டு வயதில் நான் வாய்விட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை. முடிதிருத்துகிறவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்காது.

திரும்பியபோது தங்கையைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துத்தான் நின்றாள். ஆனால் சட்டம் இன்னும் முகத்தில் இருந்தது. பதினாலாம் நம்பர் வழியாக அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அண்ணன் வானத்துக்கு முதுகைக் காட்டி, போனில் ஓடுகிற நொடிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழட்டும்மா."

"மாட்டேண்ணா."

"முழுசா மறைஞ்சிருச்சும்மா. நான் பாத்துக்கறேன்."

"அன்னிக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். போன் அவர் கையில் ஐம்பது, ஐம்பத்தொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் பக்கத்தில் போய், அவளைப் போலவே சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சரி. நான் மொதல்ல பாக்கறேன். அப்புறமா நீ பாரு" என்றார். கக்கத்திலிருந்த தன் சட்டத்தை எடுத்துக் கீழே வைத்தார். தலையை அண்ணாந்தார்.

அதோடு பேச்சு நின்றுவிட்டது. எதற்கும் விளக்கம் சொல்கிற மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். "அண்ணா?" என்றாள். அவர் தலை இறங்கவில்லை. சட்டத்தை ஒரு அங்குலம் கீழே இறக்கினாள். இன்னும் ஒரு அங்குலம். பிறகு முழுசாக.

அவள் கையிலிருந்து சட்டம் துணிமேல் விழுந்தது. இடது கண்ணை ஒரு கையால் மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "அண்ணா, இந்தக் கண்ணுலயும் தெரியுதுண்ணா" என்று கத்தினாள். "நடுவுல மறைக்குது. சுத்தி இருக்கற வெள்ளை அப்படியே தெரியுது. அண்ணா, பாத்தீங்களா, தெரியுதுண்ணா!"

அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வாய் திறந்தபடி, கன்னத்தில் கண்ணீர் வழிய, அவர் வானத்தில் இருந்தார். சுத்தியல் கைப்பிடிச் சுவர்மேல் கிடந்தது. போனில் நொடிகள் நூற்றிருபதைத் தாண்டியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேனா? நானும் பார்க்கவில்லை. மாடியிலிருந்த அத்தனை பேரும் அண்ணாந்த தலையோடு மணியை நம்பி நின்றோம்.

கருப்பு வட்டத்தின் ஒரு ஓரத்தில் மெல்லிய சிவப்பு ஓடியது.

"போடுங்க! எல்லாரும் போடுங்க!" என்று அவள் குரல் மாடியையே உலுக்கியது. நாங்கள் பதறி முகத்தை மூடினோம். கீழே கிடந்த தன் சட்டத்தைக் குனிந்து எடுக்க அவளுக்கு நேரமில்லை. தன் கண்கள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு, தடவிக் கையை நீட்டி, அண்ணனின் கண்களைப் பொத்தினாள்.